வீடு வாங்குவோர்க்குச் சில சொற்கள்

(நமது தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசை பாடுவோர் உண்டு. இவ்வாண்டு செயலாளர் நம்மை அழைத்து, “நீங்கள் கொல்லங்கோட்டில் வீடு வாங்கிய வரலாற்றைச் சொல்லுங்கள், பட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொண்டார். நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்தோம். வழக்கறிஞரும் அல்லோம், பொறியாளரும் அல்லோம். காகிதத்தைப் படித்துக் குறிப்பு எழுதுவதே நம் தொழில். அவ்வாறு நாள்தோறும் காகிதம் படிக்கும் நாமே ஒரே ஒரு சொல்லைச் சரியாகப் படிக்காமையால் பெரும் பணத்தை இழந்தோம். அதனைக் கூறி, மற்றொருவர் அவ்வாறு இழவாதிருக்கச் செய்வதே இன்று நம் நோக்கம்.

முதலில், நம்மைப் போன்றவர்க்குச் சொந்த வீடு எதற்கு என்னும் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறோம். நம் தந்தையார் இரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். சோறு போட்டதும் இரயில்வே. தலைக்கு மேல் கூரை தந்ததும் இரயில்வே. ஓய்வு பெற்ற சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பொள்ளாச்சியில் ஐந்து ஆண்டுகளில் மூன்று வாடகை வீடுகள் மாறினோம். மூன்றாவது வீட்டில் தந்தையார் காலமானார். அன்றிரவு அவர் உடலைக் கூடத்தில் கிடத்த வீட்டின் உரிமையாளர் இசையவில்லை. விடியும்வரை தெருவில் பந்தலின் கீழ் வைத்திருந்தோம். அவரை நாம் குறை கூறவில்லை, வீடு அவருடையது. ஆனால் நம் தாயார் அன்று வேறொன்றும் பேசவில்லை. “உன் காலத்திலாவது ஒரு கூரை வேண்டுமடா” என்றார். “எலி வளையானாலும் தனி வளை” என்னும் பழமொழியின் பொருள் நமக்கு அன்றுதான் விளங்கிற்று.

இக்காலனியில் உள்ள நம்மில் பலர் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து பணியின் பொருட்டு இங்கு வந்தவர்கள். பிறந்த ஊரில் இருந்த பங்கு தமக்கையர் திருமணத்திலோ தம்பியர் படிப்பிலோ கரைந்திருக்கும். பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்குச் சென்று மலையாளம் படிக்கின்றனர். ஆதலின் ஓய்வுக்குப் பின் பாலக்காட்டுச் சுற்றுப்புறத்திலேயே தங்கிவிடலாம் என்று கருதுவோர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். அவர்களுள் பலருடைய கண் கொல்லங்கோட்டின்மேல் விழுவதில் வியப்பில்லை.

பாலக்காடு–பொள்ளாச்சி இருப்புப்பாதையில் புதுநகரம், வடகன்னிகாபுரம் ஆகியவற்றைக் கடந்தால் கொல்லங்கோடு. அடுத்து மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற முதலமடை. அதற்கப்பால் தமிழ்நாட்டு எல்லை. 1932இல் மீட்டர் பாதையாக அமைந்த அந்த வழி 2015இல் அகலப்பாதையாயிற்று. ஊரின் தெற்கே நெல்லியம்பதி மலை சுவர் போல் நிற்கும். மழைக்காலத்தில் அம்மலையிலிருந்து அருவிகள் வெள்ளிக் கம்பிகளாகத் தொங்கும். அடிவாரம் வரை பச்சை வயல். 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் அமையும்வரை இவ்வூர் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும். சந்தையில் தமிழ் பேசினால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நெருக்கமே நம்மை ஏமாற்றியது. கடைத்தெரு தமிழில் பேசுவதால் ஆவணங்களும் தமிழில் பேசும் என்று எண்ணிவிட்டோம்.

2018ஆம் ஆண்டு தரகர் ஒருவர் நமக்கு எட்டு சென்டு மனை ஒன்றைக் காட்டினார். நாற்புறமும் கல் நட்டு, செம்மண் கொட்டி மேடாக்கி, நான்கு தென்னம்பிள்ளைகள் வைத்திருந்தது. அருகில் இரண்டு வீடுகள் இருந்தன. சென்டு 1,20,000 ரூபாய் வீதம் விலை பேசப்பட்டது. ஆதாரத்தின் நகலைத் தரகர் மலையாளத்தில் படித்துக் காட்டினார். “இனம்: நிலம்” என்று வந்தபோது, “நிலம் என்றால்?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டோம். “சாரே, நிலம்தானே நீங்கள் வாங்குகிறீர்கள்?” என்றார் அவர். அவரும் சிரித்தார், நாமும் சிரித்தோம். அன்றே கரார் எழுதி 1,50,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தோம். அதில் பாதி நம் இல்லாளின் சங்கிலியை விற்ற பணம்.

அந்த நகல் வீட்டு மேசையில் ஒரு வாரம் கிடந்தது. ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நம் மகள் ஒரு மாலை அதை எடுத்துப் படித்துவிட்டு, “அப்பா, வயலை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்?” என்றாள். வயலன்று, நிலம் என்றோம். “மலையாளத்தில் நிலம் என்றால் வயல்தான், அப்பா. வீடு கட்டும் இடத்தைப் புரயிடம் என்று எழுதுவார்கள்” என்றாள். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிராம அலுவலகத்துக்கு ஓடினோம். அடிப்படை வரிப் பதிவேட்டில் அந்த இடம் ‘நிலம்’ என்றே இருந்தது. அங்கிருந்து வேளாண்மை அலுவலகமாகிய கிருஷி பவனுக்குச் சென்றோம். நெல்வயல்களின் தரவு வங்கியிலும் அதன் சர்வே எண் இருந்தது. மேலே கொட்டிய செம்மண் கண்ணுக்கு மட்டுமே. சட்டத்துக்கு அது இன்னும் வயலே. கொடுத்த பணத்தில் 60,000 ரூபாய் பதினொரு மாதங்கள் நடையாய் நடந்த பின் திரும்பிற்று. மீதி இன்றுவரை வரவில்லை.

அன்பர்களே! இச்சட்டத்தை நாம் பழிக்கவில்லை. 1970களின் நடுவில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 இலட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. பின்னர் அது சுருங்கிச் சுருங்கி ஏறத்தாழ 2 இலட்சம் ஹெக்டேர் அளவுக்கு வந்துவிட்டது. எஞ்சிய வயலையேனும் காப்பதற்காக 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2023இல் சமூக வலைத்தளங்களில் இந்தியாவின் அழகிய பத்துக் கிராமங்களுள் ஒன்றாகக் கொல்லங்கோடு பேசப்பட்டது முதல் வெளியூரார் பலர் அங்கு வந்து மலையையும் வயலையும் கண்டு மகிழ்கின்றனர். அந்த அழகு முழுவதும் நெல்வயலின் அழகு. வயல் நடுவே வீடு வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஆசைப்பட்டால் பார்ப்பதற்கு வயல் இராது. எனவே சட்டம் சரியே. அதை அறியாமல் பணம் கொடுத்தது நம் பிழை. அறிந்தும் விற்க வந்தது விற்றவர் பிழை.

இதில் ஒரு நுட்பத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். பதிவேட்டில் ‘நிலம்’ என்று இருந்தும், தரவு வங்கியில் சேராத இடங்கள் உண்டு. முற்காலத்திலேயே மேடாகிப்போன இத்தகைய இடங்களை, 2018இல் இயற்றப்பட்ட திருத்தத்தின்படி, வருவாய்த் துறையினரிடம் விண்ணப்பித்து, உரிய கட்டணம் செலுத்தி, வகை மாற்றிக்கொள்ளலாம். தரவு வங்கியில் தவறாகச் சேர்ந்திருந்தால் அதிலிருந்து நீக்கவும் விண்ணப்பிக்க வழியுண்டு. ஆனால் அந்த வேலையை யார் செய்வது? விற்பவர் செய்து முடித்து, உத்தரவைக் கையில் கொடுத்த பின்னரே விலை பேச வேண்டும். “முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு எளிதாக மாற்றிக்கொள்ளலாம்” என்று எவர் கூறினாலும் எழுந்து வந்துவிடுங்கள். வேறு வீடில்லாதவர் தம் வயலில் சிறு வீடு கட்டிக்கொள்ளச் சட்டத்தில் ஒரு சலுகை இருப்பதையும் சிலர் எடுத்துக்காட்டுவர். அது முன்பே வயலை உடையவரை மனத்திற்கொண்டு வைத்த சலுகை. பின்னால் வயலை வாங்குகின்றவர் அதனை நம்பி இறங்குதல் கூடாது.

‘நிலம்’ ஒன்றுதான் நம்மை ஏமாற்றும் சொல் என்று எண்ண வேண்டா. வேறு சில சொற்களையும் கூறுகிறோம். தாய்மார்கள் குறித்துக்கொண்டால் நலம். நாம் பத்திரம் என்பதை இங்கு ஆதாரம் என்பர். அதற்கு முந்திய பத்திரம் முன்னாதாரம். அறுதியாக விற்கும் பத்திரம் தீறாதாரம். பாகப் பிரிவினைப் பத்திரத்தைப் பாக உடம்படி என்றும், விடுதலைப் பத்திரத்தை ஒழிமுறி என்றும் கூறுவர். பணயம் என்று எழுதியிருந்தால் அது அடமானம். அதிரு என்றால் எல்லை. நிகுதி, கரம் என்பன வரி. போக்குவரவு என்றால் பேருந்துப் போக்குவரத்து என்று நினைத்துவிடாதீர்கள்; வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றம் செய்வதற்கு அதுவே பெயர். அவ்வாறு பெயர் மாறிய பின் உடைமையாளருக்குரிய கணக்கு எண் தண்டப்பேர் எனப்படும்.

தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா என்று கேட்டுப் பழகிய நாம் இங்கும் “பட்டா எங்கே?” என்று கேட்கிறோம். இங்கே பட்டயம் என்பது பெரும்பாலும் அரசு ஒருவருக்கு ஒதுக்கித் தந்த இடத்துக்குரிய உத்தரவைக் குறிக்கும். இடுக்கியிலும் மலையோரங்களிலும் இது மிகுதி. அத்தகைய இடத்தைக் குறிப்பிட்ட காலம்வரை விற்கலாகாது என்றும், இன்ன பயனுக்கே கொள்ளலாம் என்றும் நிபந்தனைகள் இருக்கக்கூடும். பட்டயம் என்றவுடன் பட்டா கிடைத்துவிட்டது என்று மகிழாமல் அதன் நிபந்தனைகளை வரிவரியாகப் படிக்கச் செய்யுங்கள். பழங்குடி மக்களுக்குரிய நிலத்தைப் பிறர் வாங்குவதற்குச் சட்டத் தடை உண்டு என்பதையும் மலையடிவாரத்தில் இடம் தேடுவோர் மறத்தல் ஆகாது.

இனி, கொல்லங்கோட்டுக்கே உரிய ஒன்று. வேங்கநாட்டு நம்பிடிகள் என்னும் அரச குடும்பத்தாரின் ஊர் அது; அவர்களுடைய அரண்மனை இன்றும் இருக்கிறது. முற்காலத்தில் இப்பகுதியின் நிலம் ஜன்மிகளாகிய பெருநிலக்கிழாரிடமும் கோயில்களிடமும் இருந்தது. உழுதவர் காணம், பாட்டம் முதலிய முறைகளில் குத்தகைதாரராக இருந்தனர். 1963ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969இல் திருத்தப்பட்டு, 1970 ஜனவரி 1 முதல் ஜன்மி முறை ஒழிந்தது. குத்தகைதாரர் நிலத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்துக் கிரயச் சான்று பெற்று உடைமையாளராயினர். பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தோரும் ஊராட்சிப் பகுதியில் 10 சென்டு வரை வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றனர். ஆகவே பழைய குத்தகை வழியாக வந்த இடமாயின், அந்தக் கிரயச் சான்று உள்ளதா என்று பாருங்கள். வேரைப் பார்க்காமல் கிளையில் ஏறக் கூடாது.

அடுத்து, விற்பவர் யார் என்று பாருங்கள். வரி ரசீதில் பெயர் இருப்பதனால் மட்டும் ஒருவர் முழு உடைமையாளர் ஆகிவிடமாட்டார். இந்து ஒருவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகனுக்கு மட்டுமன்று, மனைவிக்கும், மகள்களுக்கும், இறந்தவருடைய தாய் இருப்பின் அவருக்கும் பங்குண்டு. தறவாடு எனப்படும் பழைய கூட்டுக் குடும்பச் சொத்தாயின், அந்தக் கூட்டுக் குடும்ப முறையைக் கேரளம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்து, ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு வகுத்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு தங்கையின் கையொப்பம் இல்லாமையால் பத்தாண்டுகள் நீதிமன்றத்தில் கிடக்கும் வழக்குகள் உண்டு. சிறுவர் பங்கு இருப்பின் நீதிமன்ற அனுமதியின்றிக் காப்பாளர் அதனை விற்கலாகாது. அதிகாரப் பத்திரம் வைத்துக்கொண்டு ஒருவர் விற்க வந்தால், அதைக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்று நேரில் அறியுங்கள். வெறும் அதிகாரப் பத்திரத்தையே வாங்கிக்கொண்டு வீடு நமதாயிற்று என்று இருத்தல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது.

இவற்றையெல்லாம் அறிந்துகொள்ளச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற வேண்டும். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பெறுவது நன்று. கிராம அலுவலகத்தில் நடப்பாண்டு வரி ரசீதும், கைவசச் சான்றும், இருப்பிட வரைபடமும் பெற வேண்டும். கட்டிய வீடாயின், ஊராட்சி கொடுத்த கட்டட எண், வீட்டு வரி ரசீது, கட்ட அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவற்றைக் கேளுங்கள். அசல் ஆதாரத்தைக் கண்ணால் பாருங்கள். “அசல் வங்கியில் இருக்கிறது” என்றால், கடன் எவ்வளவு என்று அந்த வங்கியிலேயே எழுத்து மூலம் கேளுங்கள்.

எல்லை தாண்டி மீனாட்சிபுரத்துக்கு அப்பால் பொள்ளாச்சிப் பக்கம் மனை பார்ப்போரும் நம்மிடையே உண்டு. அங்கே சொற்கள் நம்முடையவை. ஆயினும் ஏமாற்றத்துக்குக் குறைவில்லை. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அவ்வாண்டு அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்தப் பின்னர் வழி செய்யப்பட்டது. எனவே மனைப்பிரிவின் அங்கீகார எண்ணையும், மனைக்குரிய வரன்முறை உத்தரவையும் கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டா.

காகிதம் சரியானால் அடுத்து மண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு சென்டு 435.6 சதுர அடி. நூறு சென்டு ஓர் ஏக்கர். ஆனால் இங்கு ஆதாரத்தில் ஆர் என்னும் அளவே இருக்கும். ஓர் ஆர் 100 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 2.47 சென்டு. பத்து சென்டு என்று வாயால் சொன்னால் காகிதத்தில் 4.05 ஆர் இருக்க வேண்டும். 3.80 என்று இருந்தால் அரை சென்டுக்கு மேல் காணாமற் போய்விட்டது. கணக்கு எழுதும் நமக்கு இது கடினமன்று. பேனாவை எடுக்கத்தான் சோம்பல். நில அளவையாளரை அழைத்துச் சங்கிலி பிடித்து அளந்த பின்னரே பதிவுக்கு நாள் குறியுங்கள்.

வழியையும் பாருங்கள். இன்று வண்டி செல்கிறது என்பது போதாது. அவ்வழி ஊராட்சிக்குரியதா, அண்டை வீட்டாருக்குரியதா, ஆதாரத்தில் வழியுரிமை எழுதப்பட்டுள்ளதா, எத்தனை அடி அகலம் என்று காணுங்கள். வேலி போடும் நாளில்தான் வழியின் அருமை தெரியும்.

நீரைப் பற்றி ஒரு சொல். அருவியும் வயலும் உள்ள ஊரில் தண்ணீருக்கு என்ன குறை என்று எண்ணுவோம். ஆனால் சிற்றூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழை குறைந்த வறண்ட பகுதி. அங்கே உழவும் குடிநீரும் பரம்பிக்குளம்–ஆழியாற்று நீரை எதிர்நோக்கியிருக்கும். சிற்றூர் வட்டாரத்து நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சப்பட்டதாகவே மத்திய நிலத்தடி நீர் வாரியம் முந்தைய மதிப்பீடுகளில் வகைப்படுத்தியிருந்தது. மேலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓட்டுக் கூரையைச் சோதித்துப் பார்க்கும். ஆதலின் வீட்டை இருமுறை பாருங்கள்: சித்திரையில் கிணற்றைப் பாருங்கள், ஆடியில் கூரையைப் பாருங்கள். ஐப்பசியில் மட்டும் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடாகவே தோன்றும்.

இனிப் பணம். கேரளத்தில் முத்திரைக் கட்டணம் நூற்றுக்கு 8, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. இருபது இலட்சத்துக்கு வீடு வாங்கினால் இவ்விரண்டுக்கு மட்டும் இரண்டு இலட்சம் வேண்டும். ஆதாரம் எழுதும் கூலி, அளவைக் கூலி, பழுதுபார்க்கும் செலவு ஆகியன வேறு. கையிலுள்ளதையெல்லாம் விலையாகக் கொடுத்துவிட்டுப் பதிவன்று வட்டிக்கு வாங்குவோரைக் கண்டிருக்கிறோம். மேலும், 2015 முதல் மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குதல் வருமான வரிச் சட்டத்துக்கு மாறானது. நாம் 1,50,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தமையால்தான் அதனைக் கேட்டுப் பெறக் கையில் வலுவான சான்று இல்லாமற் போயிற்று. முன்பணத்தைச் சிறிதாகவும் வங்கி மூலமாகவும் கொடுங்கள். காகிதத்தில் குறை காணப்பட்டால் முன்பணம் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று கராரில் எழுதச் செய்யுங்கள். கரார் எழுதியதனாலேயே வீடு நமதாகிவிடாது. பதிவு செய்த ஆதாரமே உரிமை தரும்.

மத்திய அரசுப் பணியாளர்க்கு வீடு கட்டும் முன்பணம் உண்டு. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி 34 மாத அடிப்படைச் சம்பளம், அல்லது 25 இலட்சம் ரூபாய் என்னும் உச்ச வரம்புக்குள், திருப்பிச் செலுத்தும் ஆற்றலுக்கேற்பக் கிடைக்கும். முதலில் அசலையும் பின்னர் வட்டியையும் பிடிப்பர். கடன் கேட்பதில் மறைமுகமான ஒரு நன்மையும் உண்டு: கடன் கொடுப்பவர் காகிதத்தை நம்மினும் கூர்ந்து ஆராய்வர். “இந்த இடத்துக்குக் கடன் கிடைக்காது, ரொக்கமாகவே முடித்துக்கொள்வோம்” என்று விற்பவர் கூறினால், அதுவே நமக்குச் சிவப்புக் கொடி. சிவப்புக் கொடியைக் கண்டும் வண்டியை ஓட்டுபவன் இரயில்வேக்காரன் ஆகமாட்டான்.

2021இல் நாம் இரண்டாம் முறை முயன்றோம். இம்முறை கொல்லங்கோட்டில் ஏழு சென்டில் ஒரு பழைய ஓட்டு வீடு. தனியே செல்லவில்லை. கிராம அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற மலையாளப் பெரியவர் ஒருவரை மகளோடு சென்று கண்டோம். அவர் முன்னாதாரங்களைப் பிரித்துத் திண்ணையில் வைத்துக்கொண்டு, மகளைப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கூறினார். ‘புரயிடம்’ என்ற சொல் வந்தபோது மகள் நிமிர்ந்து நம்மைப் பார்த்தாள். ஓரிடத்தில் பெரியவர் நிறுத்தினார். விற்பவரின் காலஞ்சென்ற அண்ணனுக்கு ஒரு மகள் இருப்பது தெரிய வந்தது. அப்பெண் வந்து கையொப்பமிடும்வரை நான்கு மாதங்கள் காத்திருந்தோம். “வீடு போய்விடும்” என்று தரகர் அவசரப்படுத்தினார். போனால் போகட்டும் என்று இருந்தோம். போகவில்லை. பெரியவர் கூலி ஒன்றும் பெற்றுக்கொள்ளவில்லை. “அண்டை வீட்டாராக வரப்போகிறீர்கள், அதுவே போதும்” என்றார்.

கிணறு பழையது, இரண்டு உத்தரங்களைக் கரையான் அரித்திருந்தது, மாற்றினோம். புகுமனை புகுவிழாவன்று நம் தாயார் கூடத்தின் நடுவே சென்று நின்று, சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதை நினைத்தார் என்பது நமக்குத் தெரியும்.

அன்பர்களே! முடிவாக ஒரு வேண்டுகோள். நம்முள் பலருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. நம் பிள்ளைகளுக்குப் படிக்க வரும். ஆனால் வீட்டு விவகாரங்களை அவர்களிடம் நாம் காட்டுவதில்லை. இந்த இடைவெளியில்தான் நம் பணம் விழுகிறது. ஆகவே நம் சங்கம், திங்கள்தோறும் ஒரு ஞாயிறு மாலை, வீடு வாங்க எண்ணுவோர் தம் காகிதங்களைக் கொண்டுவந்து காட்டுவதற்கு ஒரு மேசையைப் போட வேண்டும். மலையாளம் படிக்கத் தெரிந்த நம் இளைஞர் இருவரும், நல்லெண்ணமுள்ள மலையாள நண்பர் ஒருவரும், சட்டம் அறிந்தவர் ஒருவரும் அங்கே அமர வேண்டும். மேசையின்மேல் நாம் இன்று கூறிய சொற்களின் பட்டியல் ஒன்று இருக்கட்டும். தமிழைக் காப்பது சங்கத்தின் கடமை. தமிழ்க் குடும்பத்தின் சேமிப்பைக் காப்பதும் அக்கடமையுள் அடங்கும். நாம் வாழ வந்த நாட்டின் மொழியைக் கற்பது தாய்மொழிக்குச் செய்யும் துரோகம் ஆகாது. அது அந்நாட்டில் நிலைத்து நிற்பதற்கு வேண்டிய கடைக்கால்.

தெரியாததைக் கேட்பதில் வெட்கமில்லை. கேட்காமல் சிரித்துவிட்டு வந்த நாம் 90,000 ரூபாய் கொடுத்து இதனைக் கற்றோம். நீங்கள் இலவசமாகக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் சொந்தக் கூரை அமைவதாக!